கல், கட்டை, மைல்: சிங்கப்பூர் தன் தூரங்களைப் பேசும் விதம்

2019 ஜனவரி 13ஆம் தேதி, புக்கிட் பாஞ்சாங் வட்டாரத்தில் ஓர் எல்ஆர்டி நிலையம் நிரந்தரமாக மூடப்பட்டது. அதன் பெயர் டென் மைல் ஜங்ஷன். 1999இல் திறந்த நிலையம் அது, பயணிகள் போதவில்லை. ரயில் தடங்களை நீட்டிக்கொண்டே போகும் ஒரு நகரத்தில் நிலையம் ஒன்று மூடப்படுவது அரிது. அதைவிட அரிது அந்தப் பெயர். நிலையம் திறந்தபோதே சிங்கப்பூர் மெட்ரிக் அளவைக்கு மாறி ஒரு தலைமுறை கடந்திருந்தது. அந்த நிலையத்தில் ஏறி இறங்கிய பள்ளிப் பிள்ளைகள் மைலில் எதையும் அளந்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அந்த இடத்துக்கு வேறு பெயர் பொருந்தவில்லை. சுவா சூ காங் ரோடும் உட்லண்ட்ஸ் ரோடும் அப்பர் புக்கிட் தீமா ரோட்டில் வந்து கூடும் அந்த முக்கில்தான் ஒரு காலத்தில் பத்தாவது மைல்கல் நின்றது. கல் போனது, கிராமம் போனது, இப்போது நிலையமும் போய்விட்டது. ‘பத்தாவது மைல்’ என்ற பேச்சு மட்டும் அங்குள்ள முதியவர்களிடம் இருக்கிறது.

தூர அளவுகளைக் கொண்டு ஆங்கிலம் கட்டிவைத்திருக்கும் மரபுத்தொடர்களை ஆராய சிங்கப்பூரைப் போல வாய்ப்பான ஊர் குறைவு. இங்கே ஆங்கிலம் நிர்வாக மொழி, பள்ளி மொழி. பக்கத்திலேயே மலாயும் சீனமும் தமிழும் தத்தம் அளவுகளோடு இருக்கின்றன. சட்டத்தில் இருப்பதோ மீட்டரும் கிலோமீட்டரும். எந்த அளவு பேச்சில் வேர் பிடித்தது, எது பிடிக்கவில்லை, ஏன் என்று பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. நான் கண்டவரையில் ஒரு விதி தெரிகிறது: மக்கள் தங்கள் உடம்பால் அளந்த தூரமே மரபுத்தொடராகிறது. காலால் நடந்ததும் கையால் நீட்டிப் பிடித்ததும் மொழிக்குள் போகின்றன. காகிதத்தில் மட்டும் இருந்தவை போவதில்லை.

சிங்கப்பூரின் மைல்கள் எங்கிருந்து எண்ணப்பட்டன? ஆற்றின் முகத்துவாரத்தில், 1928இல் திறக்கப்பட்ட ஃபுல்லர்ட்டன் கட்டடத்திலிருந்து. தலைமை அஞ்சலகம் அங்கே இருந்தது. அதுவே பூச்சிய மைல். தீவின் சாலைகள் எல்லாவற்றுக்கும் அங்கிருந்துதான் கணக்கு. இன்று அது ஆடம்பர விடுதி. 2015இல் தேசிய நினைவுச்சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது. கிராமங்களுக்கு முகவரி என்று பெரிதாக எதுவும் இல்லாத காலத்தில் சாலையின் பெயரும் மைல் எண்ணும் சேர்ந்ததே முகவரி. இன்றைய பியூட்டி வேர்ல்ட் பக்கம் புக்கிட் தீமா ஏழாவது மைல். கோவன் பக்கத்தைத் தியோச்சூ பேசுவோர் ‘லாக் கோக் ஜியோ’ என்றார்கள், அதாவது ஆறாவது கல்.

அந்தக் ‘கல்’லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மலாயில் ‘பத்து’ என்றால் கல். மைலுக்கும் அதே சொல்தான். தியோச்சூ, ஹொக்கியன் மக்களுக்கும் மைல் என்பது கல். தமிழிலும் கல்லுக்கு மைல் என்ற பொருள் உண்டு. ‘ஊர் இன்னும் நாலு கல்’ என்று நம் பாட்டிகள் சொன்னபோது யாரும் விளக்கம் கேட்டதில்லை. இலங்கைத் தமிழரும் மலாயாத் தமிழரும் ‘கட்டை’ என்றார்கள்: ஆறாங்கட்டை, எட்டாங்கட்டை. சாலையோரத்தில் நட்டிருந்ததைப் பார்த்து மூன்று ஆசிய மொழிகள் ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன. தூரம் கண்ணுக்குத் தெரியாது, கல் தெரியும். நடப்பவனுக்கு எண்ண வேண்டியது கற்களைத்தான்.

தமிழருக்கு இந்தப் பழக்கம் ஆங்கிலேயர் சொல்லித் தந்ததல்ல. தருமபுரிப் பகுதியில் கிடைத்த, அதியமான் பெருவழியைக் குறிக்கும் கல் ஒன்று நாவற்றாவளத்துக்கு 29 காதம் என்று அறிவிக்கிறது. எண் எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. எழுத்தறியாத வழிப்போக்கனுக்காக அதே எண் குழிகளாகவும் வெட்டப்பட்டிருக்கிறது. பெரிய குழி இரண்டு, சிறிய குழி ஒன்பது. இரவில் வந்தவன்கூட விரலால் தடவித் தூரத்தைத் தெரிந்துகொண்டிருப்பான். மைல்கல் என்ற சொல்லுக்கு முன்பே காதக்கல் நம்மிடம் இருந்தது. அதனால்தான் ‘இந்தத் தீர்ப்பு ஒரு மைல்கல்’ என்று நாளேட்டில் எழுதும்போது உறுத்துவதில்லை. ஆங்கிலத்திலிருந்து வந்த உருவகமானாலும் விழுந்த மண் அதற்குப் பழகிய மண்.

சிங்கப்பூரில் அந்தக் கற்களை நட்ட கைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1825இல் பென்கூலனிலிருந்து முதல் இந்தியக் கைதிகள் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். சென்னை மாகாணத்தாரும் வங்கத்தாரும் அவர்களில் இருந்தார்கள். 1873இல் எஞ்சியவர்களை அந்தமானுக்கு அனுப்பும்வரை இந்தத் தீவின் சாலைகளில் பெரும்பகுதி அவர்கள் உழைப்பால் எழுந்தது. சதுப்பைத் தூர்த்தார்கள், கல் உடைத்தார்கள், காட்டை வெட்டினார்கள். அவர்களுக்குப் பின் பொதுப்பணித் துறையிலும் நகராட்சியிலும் கூலிக்கு வந்த தமிழர்கள். சிங்கப்பூர் மைலைப் பற்றிய எந்தப் பேச்சும் இவர்களைத் தவிர்த்துவிட்டு முழுமை பெறாது. அளவு ஆங்கிலேயருடையது, அதை அடி அடியாக நிலத்தில் பதித்தவர்கள் நம்மவர்கள்.

மைல் என்ற சொல்லின் பிறப்பும் நடையில்தான். ரோமானியர்கள் இடக்காலும் வலக்காலும் சேர்ந்த எட்டை ஒன்றாகக் கொண்டு ஆயிரம் எண்ணினார்கள். இலத்தீனில் ஆயிரத்துக்கான சொல்லே பிறகு மைலாயிற்று. அது இன்றைய கணக்கில் ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்றே குறைவு. ஆங்கில மைல் 5,280 அடி என்று சட்டமாக நிலைத்தது 1593இல், முதலாம் எலிசபெத் காலத்தில். எட்டு பர்லாங் ஒரு மைல். பர்லாங் என்பது ஏர் ஒரு மூச்சில் உழும் சாலின் நீளம், 220 கெஜம். லிட்டில் இந்தியாவின் ஓரத்தில் ஓடும் ரேஸ் கோர்ஸ் ரோடு, பந்தயத் தூரத்தை அளந்த இந்தப் பர்லாங்கின் தடம்தான். 1843இலிருந்து 1933வரை குதிரைகள் ஓடியது ஃபேரர் பார்க் திடலில். பிறகு பந்தயம் புக்கிட் தீமாவுக்குப் போனது, அங்கிருந்து கிராஞ்சிக்கு, 2024 அக்டோபரில் சிங்கப்பூரில் குதிரைப் பந்தயமே முடிந்தது. ஆங்கிலத்தில் பர்லாங் பந்தயத் திடலுக்குள்ளேயே ஒதுங்கி, சொல்லும்படியான ஒரு மரபுத்தொடரும் தராமல் போனது. தமிழ்நாட்டிலோ சாலையோரம் பர்லாங் கற்கள் நின்றதால், ‘இங்கேதான், ஒரு பர்லாங் இருக்கும்’ என்று ஆங்கிலம் அறியாத உழவரும் சொன்னார்.

இனி சிங்கப்பூர் அரசே தோளில் சுமந்த ஒரு மரபுத்தொடருக்கு வருவோம். 2005 அக்டோபரில் இங்கே சேவைத் தரத்தை உயர்த்த ஒரு தேசிய இயக்கம் தொடங்கப்பட்டது. ஆங்கிலத்தில் ‘கோ தி எக்ஸ்ட்ரா மைல் ஃபார் சர்வீஸ்’. சுருக்கமாக ஜெம்ஸ், அதாவது மணிகள். கடை ஊழியர், டாக்சி ஓட்டுநர், உணவக மேசைப் பணியாளர் அனைவரும் கேட்டதற்கு மேல் ஓர் அடி முன்வந்து உதவ வேண்டும் என்பதே கருத்து. கிலோமீட்டர் நாட்டில் ஒரு தேசிய இயக்கம் மைலின் பெயரால் நடந்தது.

அந்தத் தொடரின் வேர் மத்தேயு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில், மலைப்பொழிவில் இருக்கிறது. ரோமப் பேரரசின் கீழிருந்த நாடுகளில் படைவீரன் வழியில் போகும் எவனையும் பிடித்துத் தன் சுமையைத் தூக்கவைக்கலாம். ஒரு மைல் வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தினால் நீயாக இரண்டு மைல் போ என்கிறார் இயேசு. அங்கே வரும் கிரேக்க வினைச்சொல் பாரசீக அரசரின் அஞ்சல் முறையிலிருந்து வந்தது. சிலுவையைச் சுமக்கும்படி சிரேனே ஊர் சீமோனைப் பிடித்தபோதும் அதே வினைதான். தமிழ் மொழிபெயர்ப்புகளிலும் ஒரு நுட்பம் உண்டு. பழைய புரோட்டஸ்டன்ட் வேதாகமம் மைல் என்று வைத்தது. பின்னால் வந்த பொது மொழிபெயர்ப்பு கல் என்றது. ஓஃபிர் ரோட்டில் 1888இல் கட்டி முடிந்த லூர்து மாதா கோயிலில் தமிழ்த் திருப்பலிக்கு வருகிறவர்களின் காதில் விழுவது இந்த இரண்டாவது சொல்.

ஆக, புகழ்மொழியாகப் பழகும் ‘கூடுதல் மைல்’ கட்டாய உழைப்பிலிருந்து பிறந்தது. நம்மிடமும் அப்படி ஒரு சொல் இருந்தது. சோழர் கல்வெட்டுகளில் ‘வெட்டி’ என்றால் கூலியின்றிச் செய்ய வேண்டிய உழைப்பு. அதுவே இன்று வெட்டி வேலை, வெட்டிப் பேச்சு என்று பயனற்றதைக் குறிக்கிறது. ஒரே வகைக் கொடுமையை ஆங்கிலம் விவிலியத்தின் வழியாகப் பெருந்தன்மையாக மாற்றிக்கொண்டது. தமிழ் அதை வெறுப்போடு நினைவில் வைத்தது. இந்த வரலாறு தெரிந்த எனக்கு, ‘கூடுதல் மைல் செல்லுங்கள்’ என்று தமிழில் சுற்றறிக்கையோ செய்தியோ எழுதப்படும்போது மனம் ஒப்பவில்லை. அதைப் படிக்கும் தமிழருக்கு அந்த மைலும் தெரியாது, அதைச் சுமந்தவனும் தெரியாது. கேட்காமலே முன்வந்து செய்வது, ஒரு படி மேலே போய் உதவுவது என்று நமக்கு இயல்பாக வரும் பேச்சே போதும்.

‘கடைசி மைல்’ அடுத்தது. எம்ஆர்டி நிலையத்திலிருந்து வீட்டு வாசல்வரை உள்ள சிறு தூரத்தைப் போக்குவரத்துத் திட்டமிடுவோர் அப்படி அழைக்கிறார்கள். பொட்டலம் கொண்டுவந்து தரும் நிறுவனங்களும் அதையே சொல்கின்றன. சிங்கப்பூரில் அந்தத் தூரம் பெரும்பாலும் ஒரு மைலில் பாதிகூட இராது. தமிழில் ‘வாசல்வரை’ என்றால் முடிந்தது.

அங்குலத்துக்கு வருகையில்தான் நான்கு மொழிகளும் வெவ்வேறு வழியில் பிரிகின்றன. கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் முழுவதையும் எடுத்துக்கொள்கிறவனைப் பற்றி ஆங்கிலம் சொல்வது: அங்குலம் கொடுத்தால் மைலை எடுத்துக்கொள்வான். இந்த மைல் பின்னால் வந்தது. 1546இல் ஜான் ஹேவுட் வெளியிட்ட பழமொழித் தொகுப்பில் அந்த இடத்தில் இருப்பது ‘எல்’ என்ற துணியளவை. முழங்கையோடு தொடர்புள்ள சொல். இங்கிலாந்தில் 45 அங்குலம். துணிக்கடையிலிருந்து எல் மறைந்ததும் பழமொழிக்குள் மைல் புகுந்துகொண்டது. சீனத்தில் நான்கே எழுத்துத் தொடர்: ஒரு ‘சுன்’ கிடைத்தால் ஒரு ‘சி’ முன்னேறுவான். பத்து சுன் ஒரு சி. பேராசையைப் பத்து மடங்காகச் சீனம் கணித்தது. பழைய ஆங்கிலப் பழமொழி 45 மடங்காக. இன்றைய ஆங்கிலப் பழமொழியோ 63,360 மடங்காக! கூடவே இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. எல்லும் சுன்னும் கடைக்காரர் கண்ணெதிரே அளந்தவை, ஏமாற்றினால் கையும் களவுமாகப் பிடிபடும். மைல் அப்படியல்ல, அது வெறும் மிகை.

மலாய் அளவுகோலையே எடுக்கவில்லை. கெண்டைக்காலைக் கொடுத்தால் தொடையைக் கேட்பான் என்கிறது, உடம்பே அளவு. தமிழும் அளவைத் தொடவில்லை: இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான். வழிப்போக்கருக்குத் திண்ணை கொடுத்த சமூகத்தின் அச்சம் அது. நான்கு பழமொழியும் ஒரே குணத்தைத்தான் சொல்கின்றன, ஆனால் துணிக்கடையும் உடம்பும் மடமும் தனித்தனி வாழ்க்கைகள். ஒன்றை இன்னொன்றின் ‘நிகர்’ என்று மாணவருக்கு எழுதிக்கொடுத்துவிட்டுப் போவதில் எனக்கு நிறைவில்லை. சிங்கப்பூரின் தமிழ்ப் பாடத்தில் மரபுத்தொடர், பழமொழி, இணைமொழி எல்லாம் தனித்தனியே கற்பிக்கப்படுகின்றன. அந்தப் பட்டியலில் இந்த நான்கையும் ஒருங்கே வைத்து, எந்த வீட்டில் எதை அளந்தார்கள் என்று பேசினால் ஒரு வகுப்பு முழுக்கப் பிள்ளைகள் வாய் திறப்பார்கள்.

தமிழில் நீள அளவு ஆளும் பழமொழி இல்லை என்று இதனால் நினைத்துவிடக் கூடாது. சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது. இரண்டு சாண் ஒரு முழம். ஆக இழப்பு ஏற்றத்தைப் போல் இரு மடங்கு, மிகையே இல்லாத கணக்கு. தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி பாயும். அங்கும் இரு மடங்குதான். எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பதில் அளக்கப்படுவது உடம்பு, அளக்கும் கையும் அதே உடம்பின் கை. வெறுங்கை முழம் போடுமா என்பது முதலில்லாமல் தொழில் செய்ய முடியாது என்று சொல்ல. பஃப்ளோ ரோட்டிலும் கேம்பல் லேனிலும் பூக்கடைகளின் முன் நின்று பார்த்தால் அந்தப் பழமொழி எப்படிப் பிறந்தது என்று விளங்கும். விரல்நுனியிலிருந்து முழங்கைவரை சரம் நீள்கிறது, மடங்குகிறது, மறுபடி நீள்கிறது. கையில் பூ இருந்தால்தான் முழத்துக்குப் பொருள். சிங்கப்பூரில் மெட்ரிக் மாற்றத்துக்கென 1970இல் ஒரு வாரியமே அமைந்தது. நிறுத்தலளவையும் நீட்டலளவையும் படிப்படியாக மாறின. மல்லிகைச் சரம் இன்னும் முழத்தில்தான் நிற்கிறது.

அதே தெருக்களில் சேலைக்கடைகளும் இருக்கின்றன. அதனால் ‘ஹோல் நைன் யார்ட்ஸ்’ என்ற அமெரிக்கத் தொடரைப் பற்றி ஒரு கதை தமிழர்களிடையே உலவுகிறது. எதையும் குறையில்லாமல், முழுமையாகச் செய்வதை அது குறிக்கும். மடிசார் ஒன்பது கெஜம், ஆகவே தொடர் நம்முடையது என்கிறார்கள். கேட்க இனிமைதான், ஆனால் சான்று வேறு பக்கம் நிற்கிறது. இந்தியானா மாநிலத்தின் சிற்றூர்ச் செய்தித்தாள் ஒன்றில் 1907இல் ஒன்பது கெஜமாக அது அச்சேறியிருக்கிறது. 1912இல் கென்டக்கியில் அதே பொருளில் ஆறு கெஜமாக. எண்ணே நிலைகொள்ளாத தொடர் எந்தக் குறிப்பிட்ட துணியிலிருந்தும் வந்திருக்க முடியாது. நம் சேலைக்கு அந்தப் பெருமை தேவையுமில்லை.

கடலளவு ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் ‘ஃபாதம்’ என்பது இரு கைகளையும் விரித்த நீளம், ஆறடி. மாலுமிகள் கயிற்றை இழுத்து இழுத்து ஆழம் கணித்ததால், ஒன்றைப் புரிந்துகொள்வதற்கே அது வினைச்சொல்லாயிற்று. மலாயின் ‘டெப்பா’வும் நம் மீனவரின் பாகமும் அதே விரிந்த கைகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் சிங்கப்பூர் ஆற்றில் சரக்குப் படகுகளை ஓட்டியவர்களில் பெரும்பான்மை சோழமண்டலக் கரையிலிருந்து வந்த, சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம்களும் பிற தமிழரும். ஆங்கிலத் துரை ஃபாதம் என்று கேட்டதற்கு அவர்கள் பாகம் என்று விடை சொல்லியிருப்பார்கள். இரண்டுமே அதே ஆறடி. ஆயினும் மொழி அதை வேறு திசையில் கொண்டுபோனது. ஆங்கிலேயன் ஆழத்தை அளந்தால் அறிவு. தமிழன் ஒருவனை ‘ஆழம் பார்க்கிறான்’ என்றால் அதில் சற்றே சந்தேகம் கலந்திருக்கிறது.

மைலுக்குச் சிங்கப்பூர் தந்த கடைசிப் பெரிய மேடை பீச் ரோட்டில் உள்ளது. நிக்கல் ஹைவேக்கும் பீச் ரோட்டுக்கும் இடையிலான கரையோரத்தைப் புதுநகராக்கும் கனவுக்கு 1960களில் ‘கோல்டன் மைல்’ என்று பெயரிட்டார்கள். 1973இல் எழுந்த கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ், படிப்படியாகப் பின்வாங்கும் தளங்களோடு, 2021இல் காக்கப்பட வேண்டிய கட்டடமாக அறிவிக்கப்பட்டது. அங்கே மைல் தூரமே இல்லை, செழிப்பின் பெயர்.

கிலோமீட்டருக்கு இப்படி எதுவும் வாய்த்ததா? ஆங்கிலத்திலும் இல்லை, தமிழிலும் இல்லை. மீட்டர் பூமியின் சுற்றளவிலிருந்து அறிவாளர் கணித்தது. எந்தக் காலும் கையும் அதற்கு உறவில்லை. ஆனால் சிங்கப்பூரில் ஒரு விதிவிலக்கு முளைத்திருக்கிறது. தேசிய சேவைக்குப் போன எந்த இளைஞனிடமும் ‘டூ பாயிண்ட் ஃபோர்’ என்று சொல்லிப் பாருங்கள். கிலோமீட்டர் என்று சேர்க்க வேண்டாம். 2.4 கிலோமீட்டர் ஓட்டம் உடலுறுதித் தேர்வின் உயிர்நாடி. உயர்நிலைப் பள்ளியின் உடலுறுதித் தேர்வான நாப்ஃபாவிலும் அதே தூரம். அமெரிக்க மருத்துவர் கென்னத் கூப்பரின் ஒன்றரை மைல் ஓட்டத்தின் மெட்ரிக் உருவம் அது. மைல் தசமத்துக்குள் மறைந்து வாழ்கிறது. அடிப்படை ராணுவப் பயிற்சியின் நிறைவில் வரும் 24 கிலோமீட்டர் அணிநடைக்கும் அதே நிலை. ‘ட்வென்டி ஃபோர்’ என்றால் வீட்டில் அம்மாவுக்கும் புரிகிறது. தமிழ்ப் பையன்கள் தமிழில் பேசும்போதும் இந்த எண்கள் அப்படியே வருகின்றன. நுரையீரல் எரிய ஓடிய தூரம், தோள்பட்டை கன்றச் சுமந்த தூரம். அதனால்தான் அலகு உதிர்ந்து எண் மட்டும் சொல்லாகியிருக்கிறது.

தைப்பூசத்தன்று ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில்வரை காவடி எடுப்பவர்களைக் கேளுங்கள். மூன்று, நான்கு கிலோமீட்டர் என்று அதிகாரபூர்வ அறிவிப்புகள் சொல்லும் பாதை அது. அவர்கள் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்ல மாட்டார்கள். ‘பெருமாள் கோயில்ல இருந்து டேங்க் ரோடு’ என்பார்கள், அவ்வளவுதான். இந்த ஊரில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் ஒரு நாள் மிகப் பெரிய உழைப்பைச் சொல்ல ‘பெருமாள் கோயில்ல இருந்து டேங்க் ரோடு போற மாதிரி’ என்று பேசத் தொடங்கினால், இங்கேயே நடந்து இங்கேயே பிறந்த தூர மரபுத்தொடராக அது இருக்கும்.